பூஜ்யத்துக்கு ஒரு நட்சத்திரம்

வியாழன், காலை 6.50

மினி போட்ட சத்தத்தில் மூன்று காரியங்கள் நடந்தன. அடுக்களையில் அவளுடைய மாமியார் சுகிர்தபாயின் கையிலிருந்த புட்டுக்குழல் தரையில் விழுந்தது. ஹாலில் சாய்வு நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த மாமனார் ராஜையா மூக்கில் இருந்த கண்ணாடியை மேசையில் தேட ஆரம்பித்தார். ரோட்டில் போன பால்காரர் வண்டியை நிறுத்திக் காதுகொடுத்துப் பார்த்து, வெட்டுக்குத்து ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் சற்று ஏமாற்றத்தோடு கிளம்பிப் போனார்.

பால்காரர் அவசரப்பட்டுவிட்டார். உள்ளே சாவு விழத்தான் செய்திருந்தது. ஆனால் செத்தது மனிதர் இல்லை, பவளம்.

பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் போகிற வழியில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய தெருவில் அந்த வீடு. ஹாலில் நான்கடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் முந்நூறு லிட்டர் கடல்நீர், மூன்று கோமாளி மீன்கள், ஒன்றரை வருஷமாக மினி பிள்ளைபோல வளர்த்துவந்த பவளங்கள். கல் பவளத்தை வீட்டில் வைக்கச் சட்டம் விடாது. இவை பண்ணையில் வளர்த்து, கடையில் ரசீதோடு வாங்கிய மெல்லிய வகை. ஒன்று காளான் குடை மாதிரி, ஒன்று பச்சைப் பொத்தான்களைக் கொட்டிவைத்த மாதிரி, இன்னொன்று பிள்ளைகள் கையை மூடி மூடித் திறப்பதுபோல அசையும்.

கையை மூடித் திறப்பதுதான் இன்று அழுகிக் கிடந்தது. பொத்தான்கள் திறக்கவில்லை. காளான் குடை வேகவைத்த மரச்சீனிக் கிழங்கின் வெளுத்த நிறத்துக்கு வந்திருந்தது.

"யாரோ வெஷம் கலக்கியிருக்கு மாமி!" என்றாள் மினி.

மினிக்கு முப்பத்துமூன்று வயது. நெய்யாற்றின்கரையில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். கணவன் சானுவுக்குக் கொச்சியில் வேலை, மாதம் இரண்டு முறை வருவான். நாள் முழுக்கப் பிறர் ரத்தத்தைச் சுத்தம் செய்துவிட்டு வருபவளுக்கு, சாயங்காலம் இந்தத் தொட்டிக்கு முன்னால் உட்காரும் அரைமணி நேரம்தான் சொந்த நேரம். அதனால் அவள் துக்கம் பொய்யில்லை. பொய்யில்லாத துக்கத்துக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. தொட்டிக்குப் பக்கத்தில், சுவரோரம், ஒரு பெனாயில் பாட்டில் நின்றுகொண்டிருந்தது.

காலை 8.30

விஜயம்மா வந்தாள். பதினொரு வருஷமாக இந்த வீட்டில் பாத்திரம் கழுவி, தரை துடைக்கிறவள். ஐம்பத்திரண்டு வயது. இதே தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் வேலை.

"விஜயம்மாக்கா, தொட்டிப் பக்கத்துல பெனாயில் ஊத்தினியளா?" என்று வாசலிலேயே கேட்டாள், அன்று வேலைக்கு லீவு சொல்லியிருந்த மினி.

"தரையில ஊத்தித் தொடச்சேன். தொட்டியில எதுக்கு ஊத்துறேன்?"

"கை தவறி விழுந்திருக்கும். உள்ளத சொல்லுங்க."

"ஊத்தல்ல மக்கா."

"பின்ன எப்படிச் செத்துது? இனி நீங்க வரண்டாம். திங்கக்கிழமைக்கு வேற ஆள நான் பாத்துக்கிடுறேன்."

விஜயம்மா சேலை முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். திரும்பி நடந்தாள். அதற்குள் மினி ஆற்றாமையில் எதிர்வீட்டு ஓமனாவிடமும் அடுத்த வீட்டு ஸ்மிதாவிடமும் விஷயத்தைச் சொல்லியாயிற்று. அவர்கள் தங்கள் பங்குக்கு மற்றவர்களிடம் சொன்னார்கள். விஜயம்மா தெருமுனையை எட்டுவதற்குள், 'அவள் விஷம் வைப்பவள்' என்ற செய்தி அவளை முந்திக்கொண்டு போயிருந்தது. நான்கு வீட்டு வேலையும் ஆடிக்கொண்டிருந்தது.

எட்டே முக்கால் மணிக்கு சுகிர்தபாய் வழக்கம்போலக் கணவருக்கு ஒரு கிளாஸ் மருந்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ராஜையா அதை வாங்கி, தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்த மருமகளை ஒருமுறை பார்த்தார். "உள்ள ஒரே புழுக்கம்" என்று சொல்லி, கிளாஸோடு முற்றத்துக்குப் போனார். துக்க வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

காலை 9.40

மீட்டர் எடுக்க ஷிஜா வந்தாள்.

மின்வாரியத்தில் மீட்டர் ரீடர். நாற்பது வயது, ஒரு ஸ்கூட்டர், கழுத்தில் தொங்கும் கருவி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டு வாசலிலும் நின்று எண்களைப் படிக்கிறவளிடம் எதையும் மறைக்க முடியாது. போன வருஷம் ஒரு வீட்டு மீட்டர் திடீரென்று இரண்டு மடங்கு ஓடியதை வைத்தே, அந்த வீட்டு மாடியில் கணவனுக்குத் தெரியாமல் மனைவி கேக் வியாபாரம் நடத்துவதைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்து யாரிடமும் சொல்லவில்லை. மாதம் ஒரு பிளம் கேக் மட்டும் வாங்கிக்கொள்கிறாள்.

தெருமுனையில் விஜயம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். நேரே ஹாலுக்குள் நுழைந்தாள்.

"பெனாயில் வாசம் தொட்டி வெள்ளத்துல உண்டா மினி?"

மினி யோசித்தாள். "இல்ல."

"மீனு?"

"மீனு மூணும் சொகமா இருக்கு."

"பெனாயில் விழுந்தா மீனு முதல்ல மலந்து கெடக்கும். இது பவளத்த மட்டும் தேடிப் பிடிச்சுக் கொன்ன வெஷமாக்கும்?"

மினிக்கும் அது உறைத்தது. ஆனால் காலையில் சொன்ன சொல்லைப் பத்து மணிக்கு விழுங்குவது யாருக்கும் கஷ்டம்தானே.

"பின்ன யாராக்கும்?" என்றாள், சற்று முறைப்பாக.

"அது தெரிஞ்சா நான் எதுக்கு மீட்டர் எடுத்துட்டுத் திரியுறேன்? தொட்டியக் காட்டு."

தொட்டிக்கு அடியில் மர அலமாரி. கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு சின்னத் தொட்டி. மேல் தொட்டியிலிருந்து வழியும் நீர் குழாய் வழியாகக் கடகடவென்று இதில் விழுந்து, சுத்தமாகி, மோட்டார் வழியாக மறுபடி மேலே போகும். சம்ப் என்பார்கள். அதற்குள் ஸ்கிம்மர் என்று ஒரு கருவி, அழுக்கை நுரையாக்கி மேலே ஒரு கோப்பையில் தள்ளும்.

ஷிஜா குனிந்து பார்த்தாள். சம்பின் சுவர்களில் வெள்ளை வெள்ளையாக வழுவழுப்பான நூல்கள் படிந்திருந்தன. நுரைக்கோப்பை நிரம்பி வழிந்தது.

"இத எப்போ கழுவின?"

"நேத்து. முன்னெல்லாம் வாரத்துக்கு ஒருக்கா கழுவினா போதும். இப்போ நித்தமும் நெறையுது. ஸ்கிம்மர் நல்லா வேலை செய்யுது, அதான்."

அலமாரியின் பக்கவாட்டில், வயர்கள் போவதற்காகத் தச்சர் அறுத்துவைத்த ஆரஞ்சுப்பழ அளவு ஓட்டை ஒன்று. வெளியே அதையொட்டித்தான் ராஜையாவின் சாய்வு நாற்காலி. ஓட்டையின் விளிம்பை நோக்கித் தரையிலிருந்து எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. ஷிஜா அந்த வரிசையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கணக்கு ஏதாவது எழுதி வைப்பியா?"

அந்தக் கேள்வியில் மினியின் முகம் மலர்ந்தது. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஞாயிறுதோறும் சோதனைக் குப்பியில் நீரெடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்து எழுதிய கணக்கு. நைட்ரேட் ஒரு வரிசை, பாஸ்பேட் ஒரு வரிசை. நைட்ரேட் மாதக்கணக்கில் பத்து, பத்து, பத்து. நடுவில் ஒரு வாரம் எண் இல்லாமல் 'அறுப்புப் பண்டிகை' என்று மட்டும் எழுதியிருந்தது. அன்று எல்லாரும் சர்ச்சில் இருந்தார்கள். அதற்குப் பிறகு எட்டு, ஐந்து, இரண்டு, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பாஸ்பேட்டும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. ஒவ்வொரு பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம்.

"இது எதுக்கு?"

"ஃபுல் மார்க்! மீன் கழிவுல இருந்து வாற அழுக்காக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். எங்க டயாலிசிஸ் வெள்ளத்துல ஒரு துளி அழுக்கு இருக்கப்பிடாது. இங்கயும் பூஜ்யம் வந்துட்டு பாத்தியளா? இத்தன சுத்தமான வெள்ளத்துல சாவுதுன்னா வெஷம் இல்லாம வேற என்ன?"

"நீ எதும் புதுசா செஞ்சியா? மருந்து, தீனி, வடிகட்டி?"

"ஒண்ணும் மாத்தல்ல. அதே மீனு, அதே தீனி."

ஷிஜா தாளை மறுபடியும் பார்த்தாள். பிறகு அடுக்களைக்குப் போய்ச் சுகிர்தபாயிடம் ஒரு கப் காப்பி வாங்கிக் குடித்தாள். காப்பியோடு அரைமணி நேரப் பேச்சும் இலவசமாகக் கிடைத்தது. மாமியாருக்கு வீட்டில் ஒரே ஒரு குறைதான்.

"பெண்கள் சங்கத்துல ஆரோக்கிய கிளாஸ் எடுத்த அம்மா சொன்னா, தென்னங்கள்ளு புளிச்சு எடுக்கிற வினாகிரியும் தேனும் சூடு வெள்ளத்துல கலந்து குடிச்சா வயிறு வத்தும்னு. பண்டிகை முடிஞ்ச மறுநாள்ல இருந்து அவருக்குக் குடுக்கேன். ஒரு நாள் மொடக்கம் இல்ல. முகம் சுளிக்காம குடிச்சுட்டு கிளாஸ தருவாரு. மாத்திரை ஒண்ணு முழுங்கவே ஊரக் கூட்டுற மனுஷன்! ஆனா ஷிஜா, எட ஒரு கிராம் கொறஞ்சிருக்கணுமே? இல்ல. அந்தம்மா கள்ளம் சொல்லியிருக்கா."

ஷிஜா ஆறுதலாகத் தலையாட்டினாள். வெளியே வந்து மீட்டரையும் எடுத்தாள்.

பகல் 12.15

இரண்டாவது சந்தேக நபர் தானாகவே வந்து சேர்ந்தான். பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டும் பினு. மாதம் இரண்டு முறை மினிக்கு இருபது லிட்டர் கேன்களில் கடல்நீர் கொண்டுவருகிறவன். போன வாரம்தான் பொழி வெட்டினார்கள். நெய்யாற்றின் முகத்தை அடைத்துநிற்கும் மணல்திட்டை வெட்டிவிட்டால் ஆற்றுநீர் மொத்தமும் கடலில் பாயும். அந்தச் சமயத்தில் கரையில் அள்ளிய நீரில் உப்பும் குறைவு, ஆற்றுக் குப்பையும் உண்டு.

"வெள்ளம் எங்க எடுத்த?" என்றாள், தெரு முழுக்க மீட்டர் எடுத்துவிட்டுத் திரும்பியிருந்த ஷிஜா.

"கடல்ல."

"கடல் பெருசாக்கும். எந்த எடத்துல?"

"கரையில இருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ள. மாமன் வள்ளத்துல போய் எடுத்தேன். பொழி வெட்டின நேரத்துல கரை வெள்ளம் எடுக்க எனக்கென்ன பைத்தியமா சேச்சி?"

மினி உப்புமானியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். உப்பு சரியாக இருந்தது. தொட்டியிலும் சரியாக இருந்தது.

"நான் செஞ்சேன்னா நெனச்சிய?" என்று பினு கேட்டான். குரலில் வருத்தம். ஆனால் சுகிர்தபாய் புட்டும் கடலையும் நீட்டியதும் வருத்தம் அவ்வளவாக நீடிக்கவில்லை.

வெள்ளி, காலை 10.05

ஷிஜா விஜயம்மாவின் வீட்டுக்குப் போனாள். கால்வாய்க்கரையில் ஓட்டு வீடு. விஜயம்மா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் அவள் வீட்டில் இருப்பதே வழக்கமில்லை.

"ஸ்மிதாவும் வரண்டாம்னுட்டா. ஓமனா யோசிச்சுச் சொல்றாளாம்" என்றாள், ஷிஜா கேட்குமுன்பே.

"எட்டரையில இருந்து ஒம்பது வரைக்கும் ஹால்ல யாரு இருப்பா?"

"மினி எட்டுக்கே போயிரும். நான் இருப்பேன். சாரு இருப்பாரு."

ரிட்டயரான தலைமையாசிரியர் என்பதால் ராஜையாவை ஊரே சார் என்றுதான் சொல்லும்.

"சாரு என்ன செய்வாரு?"

விஜயம்மா ஒரு சட்டையை உதறினாள். பிறகு அதையே இன்னொரு முறை உதறினாள்.

"பேப்பர் வாசிப்பாரு."

"வேற?"

"வேற என்ன? பேப்பர் வாசிப்பாரு."

"பெனாயில் போட்டு எதுவரைக்கும் தொடப்பீய?"

"நாற்காலிக்கு இந்தப் பக்கம் வரைக்கும். தொட்டிகிட்ட வெறும் வெள்ளம்தான். மினி முதல் நாளே சொல்லியிருக்கு."

ஷிஜாவுக்கு அந்தப் பதில் போதும். பெனாயில் விழுந்த தரையில் எறும்பு வரிசை கட்டாது.

மாலை 5.30

மினி வேலையிலிருந்து வந்ததும் ஷிஜா வாசலில் நின்றாள்.

"ராத்திரி முழுக்க உன் பூஜ்யம் என்னத் தூங்கவிடல்ல மினி. என் வேலையில ஒரு வீட்டு மீட்டர்ல பூஜ்யம் வந்தா நான் சந்தோஷப்படமாட்டேன். ரெண்டுல ஒண்ணு. மீட்டர் செத்திருக்கும், இல்லேன்னா வீட்டுல ஆள் இருக்காது."

"சோதனைக் குப்பி கெட்டிருக்கும்னா சொல்றிய?"

"பாத்துடுவோம். வாழைக்கு உரம் போட்டிருக்கிய இல்லியா, அதுல உள்ள நைட்ரேட் கெணத்துல எறங்கியிருக்கும், அந்த வெள்ளம் கொஞ்சம் எடு."

கிணற்று நீரில் சொட்டு மருந்து விட்டதும் குப்பி ரோஸ் நிறத்துக்கு மாறியது. மீட்டர் சாகவில்லை. தொட்டியில் நைட்ரேட் நிஜமாகவே பூஜ்யம்தான்.

மினி பவளம் வாங்கிய கடைக்காரர் அனூஜை ஷிஜா போனில் கூப்பிட்டாள். பேச்சு ஆறு நிமிடம். "நைட்ரேட் பூஜ்யமா? பாஸ்பேட்டுமா? ஐயோ!" என்று அவர் அலறியது பக்கத்தில் நின்ற மினிக்கும் கேட்டது. பிறகு ஷிஜா அழுத்தமாக ஒரே கேள்வி கேட்டாள். "நாம கைவெக்காம இது தானா எறங்குமா?" அனூஜ் சொன்ன பதிலில் மினிக்குக் கேட்டது கடைசித் துண்டுதான்: "...வெள்ளத்துல உள்ள கிருமிக்குத் திங்க ஏதாவது கெடச்சா அது பெருகிப் பெருகி எல்லாத்தையும் வழிச்சுத் தின்னுடும்."

ஷிஜா போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் ஓர் எவர்சில்வர் கிண்ணம் கேட்டாள். எதுக்கு என்று சுகிர்தபாய் கேட்டதற்கு, "ஒரு சோதனை மாமி" என்றாள். ராஜையா நடக்கப் போயிருந்த நேரம் அது. அலமாரிக்குள் தலையை விட்டு ஏதோ செய்தாள். கதவை மூடினாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு நீ வேலைக்குப் போற மாதிரி வெளிய இறங்கு. ஓமனா வீட்டுல உக்காரு. எட்டு ஐம்பதுக்கு வா."

சனி, காலை 8.50

ஹாலில் எல்லாரும் கூடினார்கள். மினி, சுகிர்தபாய், கையில் காலிக் கிளாஸோடு ராஜையா. என்ன நடக்கிறது என்று பார்க்க ஓமனாவும் கூடவே வந்துவிட்டாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

"சார், மருந்து குடிச்சாச்சா?" என்று ஷிஜா கேட்டாள்.

"ஓ! ஒரு சொட்டு பாக்கியில்ல."

"முகம் சுளிக்காமயா?"

"ஆரோக்கியம் வேணும்னா கசப்பும் குடிக்கத்தான் வேணும்" என்றார், பள்ளி அசெம்பிளியில் பேசுகிற குரலில்.

ஷிஜா அலமாரியைத் திறந்து, பக்கவாட்டு ஓட்டைக்கு நேர் கீழே வைத்திருந்த கிண்ணத்தை வெளியே எடுத்தாள். முக்கால் கிண்ணம் மஞ்சள் நிறத் தண்ணீர். இன்னும் சூடு ஆறவில்லை. புளிப்பு வாசம் ஹால் முழுக்கப் பரவியது.

சுகிர்தபாய் மோந்து பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது, அதற்கு நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்க வேண்டும்.

"இதுதான் உன் வெஷம் மினி. ஆனா வெஷமே இல்ல" என்றாள் ஷிஜா. "பவளத்துக்கு உள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி உண்டு. அது சமைச்சுப் போடுறதத்தான் பவளம் திங்குது. அந்தப் பாசிக்கு அரிசியும் பருப்பும் எதுன்னு கேட்டா, நீ அழுக்குன்னு சொன்ன நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான். ஒரேயடியா கூடினா பாசி மூடும். ஆனா பூஜ்யம் ஆயிட்டா பட்டினி. நீ நட்சத்திரம் போட்ட அன்னைக்கே உன் பவளத்துக்கு அடுப்பு அணஞ்சாச்சு."

மினி தாளைப் பார்த்தாள். சிவப்பு நட்சத்திரங்கள் வரிசையாக நின்றன.

"எறங்கினது எப்போ? அறுப்புப் பண்டிகைக்கு மறு வாரம். மாமி மருந்து தொடங்கினது பண்டிகைக்கு மறுநாள். வினாகிரியும் தேனும் கிருமிக்கு விருந்தாக்கும். தின்னு பெருகும்போ வெள்ளத்துல உள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சேத்துத் தின்னும். அந்தக் கிருமிக் கூட்டம்தான் சம்புல வெள்ள நூல் மாதிரி ஒட்டியிருந்தது. அதத்தான் ஸ்கிம்மர் நித்தமும் நுரையாக்கித் தள்ளிச்சு. ஒரு ஸ்பூன் ரெண்டு ஸ்பூன்னு அளந்து ஊத்துற ஆட்களும் உண்டாம், அனூஜ் சொன்னாரு. நம்ம சாரு அளவு பாக்காம கிளாஸோட ஊத்தினாரு, ஏழு வாரமா."

"எப்படிக் கண்டுபிடிச்சிய?" என்று ஓமனா வாய் பிளந்தாள்.

"எறும்பு. உப்பு வெள்ளம் இருக்கிற எடத்துல எறும்புக்கு என்ன ஜோலி? ஓட்டை விளிம்புல தேன் ஒட்டியிருந்தது. பின்ன, மருந்து குடிச்ச வயிறு ஏழு வாரமா அப்படியே இருக்கு. குடிக்காத பவளம் மெலிஞ்சு போச்சு."

எல்லாரும் ராஜையாவின் வயிற்றைப் பார்த்தார்கள். அவர் பத்திரிகையால் மூடிக்கொண்டார்.

"மாமா, என் தொட்டியிலயா ஊத்தினிய?" என்றாள் மினி.

"உன் தொட்டின்னு தெரிஞ்சா ஊத்துவேனா மக்கா?" ராஜையா நிஜமாகவே பதறினார். "உள்ள கடகடன்னு வெள்ளம் விழுற சத்தம் கேக்கும். மேல உள்ள அழுக்கு வெள்ளம் ஓடைக்குப் போற வழியாக்கும்னு நெனச்சேன். முட்டுவலியில குனிஞ்சு பாக்கவா முடியும்? அது திரும்ப மேல போவும்னு எனக்குத் தெரியாது."

"குடிக்க முடியல்லன்னா என்கிட்ட சொல்லப்பிடாதா?" என்றாள் சுகிர்தபாய்.

ராஜையா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது கள்ளுல இருந்து எடுத்ததாக்கும்! நான் சபையில மதுவிலக்குக் கமிட்டி ஆளு. எப்படிக் குடிப்பேன்?"

"கள்ளு ஊத்திப் புளிக்க வெச்ச மாவுல கிறிஸ்மஸுக்குப் பதினாறு அப்பம் தின்னது எந்தக் கமிட்டி?"

ஓமனா சிரித்துவிட்டாள். மினிக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. ஷிஜா அனூஜ் சொன்ன வைத்தியத்தைச் சொன்னாள். ஊற்றுவது நின்றால் போதும். மீனுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டு. ஸ்கிம்மரைப் பாதி நேரம் அணைத்துவை. நைட்ரேட் ஐந்துக்குப் பைய ஏறட்டும், அவசரம் வேண்டாம். கையை மூடித் திறப்பது போனது போனதுதான். காளானும் பொத்தான்களும் பிழைக்கும்.

மினி தலையாட்டினாள். அதற்குமேல் அவள் மனம் தொட்டியில் இல்லை.

"நான் விஜயம்மாக்காவ..." என்று தொடங்கி நிறுத்தினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். ஷிஜாவும் கிளம்பினாள். நானும் வாறேன் என்று ராஜையா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

காலை 9.45

விஜயம்மா முற்றத்திலேயே நின்றாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. மினி நடந்ததை எல்லாம் சொன்னாள். கைகூப்பி, "பொறுத்துக்கிடுங்க அக்கா" என்றாள். அதற்குள் கண் நிறைந்துவிட்டது.

விஜயம்மா ராஜையாவைப் பார்த்தாள். "சாரு நித்தமும் அதுல ஊத்துறத நான் கண்டதாக்கும்."

"கண்டியளா?" மினி திடுக்கிட்டாள். "பின்ன சொல்லியிருக்கலாமே!"

"மாமிகிட்ட சொல்லாதன்னு சாரு சொன்னாரு. செரின்னேன். அதுல பவளம் சாவும்னு எனக்கென்ன தெரியும்? நீ கேட்டதும் அதில்லியே. நீ ஊத்தினியான்னு கேட்ட. இல்லன்னேன். நீ நம்பல்ல. பதினொரு வருஷம் மக்கா. சானுவுக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ உன் வீட்டுல ராப்பகலா கெடந்தது நான். என் வார்த்தைய நீ நம்பல்ல."

ராஜையா தலையைக் குனிந்துகொண்டார். ஷிஜா சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கப் பார்த்தாள். "விடுங்க அக்கா. நான் மீட்டர் எடுக்கப் போற வீட்டுல எல்லாம் உங்க மேல தப்பில்லன்னு சொல்லிடறேன். ரெண்டு நாள்ல ஊரு முழுக்கப் போயிடும்."

"நீ சொல்லண்டாம்" என்றாள் விஜயம்மா. "சொன்னது மினி. மினியே சொல்லட்டும். நான் ஜோலி செய்யிற வீட்டு வாசல்ல எல்லாம் வந்து, நான் கூட நிக்கும்போ சொல்லணும்."

மினி உடனே தெருவை நோக்கித் திரும்பினாள்.

நால்வரும் தெருவில் இறங்கினார்கள். முதல் வாசலில் மினியின் குரல் எழும்பவே இல்லை. ஸ்மிதா இரண்டு முறை என்ன என்ன என்று கேட்டாள். மூன்றாவது முறை மினி தெளிவாகச் சொன்னாள். "விஜயம்மாக்கா மேல நான் சொன்னது பொய். தப்பு என் வீட்டுல. இவங்க ஒண்ணும் செய்யல்ல." இரண்டாவது வாசலில் ராஜையா தானாக முன்னால் வந்து, "குற்றவாளி நானாக்கும்" என்று அறிவித்து, வினாகிரியிலிருந்து தொடங்கி விலாவாரியாகச் சொன்னார். அந்த வீட்டுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பின்னால் சேர்ந்துகொண்டன. ஓமனாவுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றாலும், மினி அவள் வாசலிலும் நின்று முதலிலிருந்து சொன்னாள். ஓமனா முந்தின நாள் யோசித்ததற்கு விஜயம்மாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டாள்.

ஓமனாவின் வாசலில் நின்று பார்த்தால் எதிரே மினியின் வீடு. சுகிர்தபாய் கேட்டைத் திறந்து பிடித்தபடி நின்றாள். மினி அங்கே நிற்காமல், தெருக்கோடியில் இருந்த தையல் கடையை நோக்கி நடந்தாள். அதற்கடுத்து ரேஷன் கடை.

"அங்க எதுக்கு? அங்கயெல்லாம் நான் ஜோலிக்குப் போறதில்லியே" என்றாள் விஜயம்மா.

"அங்கயும் பேச்சு எட்டியிருக்கும் அக்கா. அங்கயும் சொல்லணும்."

விஜயம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். முந்தானையால் மினியின் முகத்தைத் துடைத்தாள். கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள்.

"மதி, போதும் மக்கா. வா, வீட்டுக்குப் போவோம். மூணு நாள் பாத்திரம் கெடக்கும்."